ஸ்பெக்டர் 1974–75: பழி தீர்க்க வந்த ஆவிக்கு இப்படியா முடிவு?

தணிகை வாசகன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி இதழ் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

டிசி நிறுவனத்தின் 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 431 முதல் 440 வரையிலான இதழ்களில் வந்த ஸ்பெக்டர் கதைகளை 2005இல் வந்த தொகுப்பில் படித்து முடித்தேன். எழுத்து மைக்கேல் ஃப்ளைஷர், ஓவியம் ஜிம் அபாரோ. ஜிம் காரிகன் என்ற போலீஸ் துப்பறிவாளனை ரவுடிகள் பீப்பாயில் போட்டு, சிமென்ட் ஊற்றி, தண்ணீரில் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். மேலே இருந்து ஒரு குரல் அவனைத் திருப்பி அனுப்புகிறது. பார்வைக்கு அதே காரிகன்தான். வேளை வரும்போது வெளுத்த உடம்பு, பச்சை முக்காடு, அப்போது அவன் ஸ்பெக்டர். இந்த அடிப்படைக் கதை 1940லேயே வந்துவிட்டது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான், பெர்னார்ட் பெய்லி என்ற ஓவியரோடு சேர்ந்து இவனையும் உருவாக்கினார்.

1974 தொடரின் கவர்ச்சி தண்டனைகள். கொலைகாரனை மரக்கட்டையாக்கி ரம்பத்தில் அறுக்கிறான். இன்னொருவனை ராட்சசக் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். அமெரிக்காவில் 1954இல் காமிக்ஸுக்கு வந்த கட்டுப்பாட்டு விதிகள் 1971இல் கொஞ்சம் தளர்ந்திருந்தன. இருந்தாலும் ரத்தம் தெறிக்க வரைந்துவிட முடியாது. மரத்துக்கு ஏது ரத்தம்! அபாரோ அந்தச் சந்தில் புகுந்து விளையாடியிருக்கிறார்.

இவ்வளவு நன்றாகப் போன தொடரின் கடைசி இரண்டு இதழ்களைப் பாருங்கள். 439இல் அந்தக் குரல் காரிகனுக்கு மறுபடி மனித உயிர் கொடுக்கிறது. அவனைக் காதலிக்கும் க்வென் ஸ்டெர்லிங்கோடு வாழலாம் என்ற நிலை. சரி, இனிமேல்தான் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். 440இல் அவனை மறுபடி கொன்றுவிடுகிறார்கள். மறுபடி ஸ்பெக்டர். கொன்றவர்களைத் தீர்த்துக்கட்டுகிறான், க்வெனை விட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

காரிகன் ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்கிறான். இத்தனை பேரை விசாரணையே இல்லாமல் கொன்றானே, அதற்கு யார் பதில் சொல்வது? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஏர்ல் க்ராஃபர்ட் என்று ஒரு பத்திரிகைக்காரனைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி போட்ட முகம், அசப்பில் சூப்பர்மேனின் சாதாரண வேஷமான க்ளார்க் கென்ட். முடிவில் அவன் கேள்விக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

உங்கள் கருத்து என்ன?

பள்ளிப்பட்டு பாஸ்கர்

சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணா, வாங்கலாமா வேண்டாமா?

தணிகை வாசகன்

வாங்கலாம் தம்பி. கடைசிக்கு முந்தின இதழோடு மூடி வைத்துவிடு.

நகரி தறிக்காரன்

மோசமான முடிவு என்கிறீர்கள். முடிவே அல்ல என்கிறேன் நான்.

அட்வென்ச்சர் காமிக்ஸ் அப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. 431 என்பது 1974 ஜனவரி–பிப்ரவரி, 440 என்பது 1975 ஜூலை–ஆகஸ்ட். 441இல் ஸ்பெக்டர் இல்லை, அக்வாமேன் வந்து உட்கார்ந்துவிட்டார். கதை கையிருப்பில் இருக்கும்போதே தொடரை நிறுத்தியிருக்கிறார்கள். ஃப்ளைஷர் எழுதி வைத்திருந்த மூன்று கதைகள் வரையப்படாமல் கிடந்தன. 1988இல் பழைய கதைகளை 'ராத் ஆஃப் தி ஸ்பெக்டர்' என்று நான்கு இதழ்களாக மறுபதிப்புச் செய்தபோது, அந்த மூன்றையும் அதே அபாரோவைக் கொண்டே வரைய வைத்து நான்காவது இதழில் போட்டார்கள். ஆக, 440ஐ எழுதினவர் இதுதான் கடைசி என்று நினைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. நடுவில் பாவு அறுந்து நிற்கிற தறியைப் பார்த்துச் சேலைக்கு முந்தானை சரியில்லை என்கிறீர்கள்.

இன்னொன்று. என் சித்தப்பா ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி மெட்ராஸ் போகும்போதெல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் அள்ளிக்கொண்டு வருவார். 1985இல் மார்க்கெட் எரியும் வரை அதுதான் எங்கள் வீட்டு நூலகம். அதில் வந்த ஒரே ஸ்பெக்டர் இதழ் இந்த 440. முன்கதை எதுவும் தெரியாமல் அதை மட்டும் படித்தவன் நான். வாழ வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவனை மறுபடி கொன்று வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பது அந்த வயதில் என்னைத் தூங்கவிடவில்லை. தனிக் கதையாகப் படித்தால் அது நல்ல கதை சார்.

தணிகை வாசகன்

தறிக்காரரே, அந்த மூன்று கதைகள் தொகுப்பிலேயே இருக்கின்றன, படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். 1975இல் காசு கொடுத்து 440ஐ வாங்கினவனுக்கு, 13 வருஷம் கழித்து வருவது எப்படி முடிவாகும்? தொடர் நின்றதற்கு ஃப்ளைஷரை நானும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவனுக்கு உயிரைக் கொடுத்து அடுத்த இதழிலேயே பிடுங்கியது அவர் எழுதினதுதானே? ஒரு ஆறு இதழாவது அவனை மனிதனாக வாழ விட்டிருக்கலாம். மனிதனாக இருக்கும்போது ஒரு கொலைகாரன் எதிரே வந்தால் என்ன செய்வான்? கைவிலங்கு போடுவானா, ரம்பத்தைத் தேடுவானா? அதை நான் பார்க்க வேண்டும்.

புத்தூர் கலா

நீங்கள் இருவருமே கடைசி இதழைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். கோளாறு முதல் இதழில் இருக்கிறது. 1974 இல்லை, 1940.

காரிகனைக் கொன்றவர்கள் யார்? ஒரு ரவுடிக் கும்பல். அந்தக் கும்பலின் கணக்கை அவன் திரும்பி வந்த கையோடு, ஆரம்பக் கதையிலேயே தீர்த்துவிடுகிறான். அதோடு அவன் பழி முடிந்தது. அப்புறம் ஏன் போகவில்லை? குரல் போட்ட நிபந்தனை அப்படி. உலகத்தில் குற்றமே இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் ஓய்வு. இது நடக்கிற காரியமா? எந்தக் காலத்தில் நடக்கும்?

அதனால் 1940 முதல் அவன் செய்வது பழிவாங்கல் அல்ல, உத்தியோகம். உத்தியோகத்துக்கு ஏது க்ளைமாக்ஸ்? மாற்றல் உண்டு, மெமோ உண்டு, முடிவு கிடையாது. 439இல் கிடைத்த மனித வாழ்க்கையை ஒரு லீவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 440இல் லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

பழிக்கதை என்றால், செய்தவன் யார், பட்டவள் யார் என்பது கடைசி வரை மாறக்கூடாது என்று நினைக்கிறேன். வாரம் ஒரு புதுக் கொலைகாரன் வந்தால் அது போலீஸ் கதை. பேய் போட்ட போலீஸ் சட்டை.

பள்ளிப்பட்டு பாஸ்கர்

அக்கா ஒரே அடி.

நகரி தறிக்காரன்

உத்தியோகம் என்பது சரிதான். ஆனால் 1974 தொடருக்கு வேறு ஒரு பழி இருந்தது. இதழின் ஆசிரியர் ஜோ ஆர்லாண்டோவைத் தெருவில் யாரோ அடித்துப் பணத்தைப் பறித்துவிட்டார்கள், அந்த ஆத்திரத்தில்தான் ஸ்பெக்டரை இப்படி மறுபடி கொண்டுவந்தார் என்று காமிக்ஸ் வட்டத்தில் சொல்வார்கள். அதாவது ஒவ்வொரு இதழிலும் மரக்கட்டையானவன் அந்த வழிப்பறிக்காரன்தான். இப்படிப் பார்த்தால் செய்தவன் மாறவே இல்லை.

புத்தூர் கலா

ஆசிரியருக்கு ஆத்திரம் அடங்கியது சரி அண்ணா. காரிகனுக்கு என்ன கிடைத்தது? க்வெனுக்கு என்ன கிடைத்தது? 432இல் அவள் அப்பாவைக் கொல்கிறார்கள், அங்கேதான் அவள் கதைக்குள் வருகிறாள். பட்டவள் அவள். எட்டு இதழ் கழித்தும் அவள் வேலை காரிகனுக்காக அழுவது மட்டும்தான்.

ஆலங்காட்டான்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கலா அம்மா சொன்ன 'செய்தவன் மாறக்கூடாது' என்ற வரிக்குத்தான் இந்தப் பதிவு. அரக்கோணத்துக்கு இந்தப் பக்கம் திருவாலங்காட்டில் இறங்கினால் பக்கத்தில் பழையனூர். எங்கள் ஊர் நீலியை விட்டுவிட்டு ஆவி பழிவாங்கும் கதை பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த கதைதான், ஆனாலும் முடிவை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். காட்டுவழியில் மனைவியைக் கொன்றுவிட்டு ஒருவன் தப்பிவிடுகிறான். அவன் மறுபிறவியில் வணிகன். அவள் பேய். அவன் கையில் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது, அது இருக்கும் வரை அவளால் நெருங்க முடியாது. அவள் என்ன செய்கிறாள்? நேராகச் சண்டைக்குப் போகவில்லை. கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் 70 பேர் கூடியிருக்கும் சபைக்குப் போய், 'இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்று அழுகிறாள். அவன் 'இது பேய்' என்கிறான். யார் நம்புவார்கள்? குழந்தையை இறக்கிவிட்டால் அது அவனிடம் ஓடிப்போய் 'அப்பா' என்கிறது. தீர்ப்பு அவளுக்குச் சாதகம். கத்தியை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். 'உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் 70 பேர் உயிரும் அதற்கு ஈடு' என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம்.

நீலியின் கதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவள் வந்த வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்த 70 பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள்.

தணிகைக்காரர் கேட்டாரே, இத்தனை உயிருக்கு யார் பதில் சொல்வது என்று. இங்கே பதில் சொன்னது பேய் அல்ல, நீதி சொன்ன சபை. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே பழையனூரைப் பாடும்போது, வஞ்சித்து உயிர் வாங்கிய ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். சேக்கிழார் காலத்துக்கு முன்பே ஊரறிந்த கதை. தீப்பாய்ந்தவர்களுக்கு மண்டபம் இருக்கிறது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

இதே ஊரில்தான் பேய் உருவம் வேண்டும் என்று கேட்டு வாங்கின காரைக்கால் அம்மையாரும் வந்து சேர்ந்தார் என்பது தனிக் கதை. எங்களுக்குப் பேய் விஷயத்தில் குறையே இல்லை.

தணிகை வாசகன்

ஆலங்காட்டாரே, நான் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. க்ராஃபர்டை வைத்து ஃப்ளைஷர் செய்திருக்க வேண்டியது இதுதான். ஆவியைத் தண்டிக்க முடியாது, அதை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? ஆனால் ஆவி செய்வது தெரிந்தும் பேசாமல் இருந்தவன், ஆவிக்கு உதவினவன், ஆவியை நம்பினவன், இவர்களெல்லாம் ரத்தமும் சதையுமாக இருக்கிறார்களே. 1974 தொடரில் காரிகனுக்கு மேலே போலீஸ் இலாகா என்று ஒன்று இருக்கிறது. குற்றவாளிகள் வரிசையாக மரமாகவும் மெழுகாகவும் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கோப்பு கூடவா திறக்கவில்லை?

கள்ளியங்காடு

நாகர்கோவிலில் இருந்து வணக்கம். ஆலங்காட்டு அண்ணாச்சி கோபப்படக் கூடாது, நீலி எங்கள் ஊர்க்காரி. என் பெயரைப் பாருங்கள், பார்வதிபுரம் பக்கத்தில் இருக்கிற ஊர்.

எங்கள் வில்லுப்பாட்டில் கதை இன்னும் கொடூரம். கோயிலில் ஆடுகிற பெண், அவள் சொத்தையெல்லாம் தின்று தீர்த்த நம்பி. மிச்சமிருக்கும் நகைக்காகக் கள்ளிக்காட்டில் தூங்குகிறவள் தலையில் கல்லைப் போடுகிறான். சுற்றிலும் ஆள் கிடையாது. இந்தக் கள்ளிதான் சாட்சி என்று சொல்லிவிட்டு உயிரை விடுகிறாள்.

இப்போது அண்ணாச்சி சொன்ன கள்ளிக் குழந்தையை மறுபடி பாருங்கள். சபைக்கு முன்னால் 'அப்பா' என்று கூப்பிட்டது எது? கொலையைப் பார்த்த சாட்சி. பொய்ச் சாட்சிதான், ஆனால் குற்றவாளி உண்மையான குற்றவாளி. சபை ஏமாந்து கொடுத்த தீர்ப்பு போய்ச் சேர வேண்டியவனிடம்தான் போய்ச் சேர்ந்தது. வில்லடிக்கிற அண்ணாவி இந்த இடத்தை லேசில் விடமாட்டார், இழுத்து இழுத்துப் பாடுவார். குழந்தை இடுப்பிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இருக்கிற பாட்டிமார் எழுந்துவிடுவார்கள்.

முடிவும் எங்களுக்கு வேறு. பழி முடிந்தபின் அவள் காற்றோடு போகவில்லை. முப்பந்தலில் இசக்கியம்மன் ஆகிறாள். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறதே, அதேதான். லாரிக்காரன் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகமாட்டான்.

மேற்கே போனால் மலையாளத்துக்காரர்கள் கள்ளியங்காட்டு நீலி என்று இவளையே யட்சியாக்கி வைத்திருக்கிறார்கள். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் கதையில், அவர் யட்சி தலையில் ஆணி அறைந்து அடக்கி, வீட்டு வேலைக்கு ஆளாக்கிவிடுகிறார். ஒரு கிழவி தலை வாரும்போது ஆணியைப் பார்த்து, ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். அவ்வளவுதான், பறந்துவிட்டாள். கத்தனார் விரட்டிப்போய்ப் பனயன்னார்காவு கோயிலில் இருத்துகிறார். ஏசியாநெட் தொடரில் இதைப் பார்க்க எங்கள் தெருவே ஒரே வீட்டில் கூடும். 2025இல் வந்த மலையாள சூப்பர்ஹீரோ படத்திலும் இந்த நீலிதான் நாயகி.

ஆலங்காட்டான்

தம்பி, சம்பந்தர் பாடின ஊர் எங்களுடையது. மற்றபடி சாட்சி விஷயம் நன்றாகச் சொன்னீர்கள், எங்கள் பக்கத்தில் கள்ளிக்கு அந்த முன்கதையை நான் கேட்டதில்லை.

கள்ளியங்காடு

பாட்டு உங்களுக்கு, கோயில் எங்களுக்கு. பாதிப் பாதி வைத்துக்கொள்வோம் அண்ணாச்சி.

புத்தூர் கலா

ஆணி அடித்து வேலைக்காரி ஆக்கினார்களா? பார்த்தீர்களா, அங்கேயும் உத்தியோகம்.

எனக்கு அந்தக் கிழவியை மிகவும் பிடித்திருக்கிறது. கத்தனார் பெரிய மந்திரவாதி, யட்சி பெரிய சக்தி, ஆனால் கதையைத் திருப்பினது சீப்பு வைத்திருந்த ஒரு பாட்டி. க்வெனுக்கு அப்படி ஒரு கட்டமாவது கொடுத்திருக்கலாம்.

சித்தூர் வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய், நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டோம். வகுப்பில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐஞ்சிறுகாப்பியம் நடத்தின பாவத்துக்கு இங்கே கொஞ்சம் பேச அனுமதி கேட்கிறேன்.

நீலிக்கு நீங்கள் சொன்ன முடிவுகளெல்லாம் போதாது என்று சமணர்கள் இன்னொன்று எழுதியிருக்கிறார்கள். நீலகேசி. பலாலயம் என்ற சுடுகாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்தி, மண்ணால் செய்த விலங்குகளைப் படைக்கும்படி செய்துவிடுகிறார் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர். கோபம் கொண்ட காளி, அவரை விரட்டச் சொல்லித் தெற்கேயிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், அவர் அசையவில்லை. அழகிய பெண்ணாக வந்து மயக்கிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. கடைசியில் அவரிடமே பாடம் கேட்டுச் சமணம் தழுவி, ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி முதலான பௌத்தர்களோடும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகளோடும் வாதம் செய்து ஜெயிக்கிறாள். நூலின் பெரும்பகுதி தர்க்கம்தான்.

இந்தக் காலத்துப் பாஷையில் இதற்கு ரீபூட் என்று பெயர் என்று பேரன் சொல்கிறான். அடுத்தவர் பாத்திரத்தை எடுத்துத் தன் கட்சிக்குப் பேச வைப்பது.

தணிகை வாசகன்

வாத்தியார் ஐயா, மன்னிக்க வேண்டும், இது 440ஐவிட மோசம்! பழிவாங்க வந்த பேயைப் பட்டிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்களே. கொன்றவன் என்ன ஆனான்?

சித்தூர் வாத்தியார்

மோசம் இல்லை தம்பி. உங்கள் காரிகனை மாற்றியது மேலேயிருந்து வந்த குரல். உயிரைக் கொடுத்ததும் அது. அவன் வாயைத் திறந்து சம்மதம் சொன்னானா? நீலியை யாரும் மாற்றவில்லை. இரண்டு முறை தோற்றுப்போய், எதிராளி சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பேயின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும் பொருள்தான் வேறு. வாதத்தில் எதிராளியை அவள் விடாமல் மடக்கும் வேகத்தைப் பார்த்தால், இவள் அந்தப் பழைய நீலிதான் என்பதில் சந்தேகமே வராது.

கொன்றவனைப் பற்றி நூலாசிரியருக்கு அக்கறை இல்லை என்பது உண்மை. அந்த வகையில் உங்கள் புகார் நிற்கும்.

நகரி தறிக்காரன்

வாத்தியார் 'சம்மதம்' என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. தணிகை சார், ஜான் ஆஸ்ட்ரேண்டர் எழுதி டாம் மாண்ட்ரேக் வரைந்த ஸ்பெக்டர் தொடரைப் படித்தீர்களா? 1992 இறுதியில் ஆரம்பித்து 1998 தொடக்கம் வரை 62 இதழ்கள். நீங்கள் கேட்கும் முடிவு அங்கே இருக்கிறது.

முதலில், ஃப்ளைஷர் தொடாத கேள்வியை அவர் நேராக எடுக்கிறார். குற்றவாளியைத் தண்டிக்கிறாய் சரி, எல்லை எது? ஒரு கட்டத்தில் வ்லாடவா என்ற கற்பனை நாட்டின் மக்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ஸ்பெக்டர் அழித்துவிடுகிறான். அங்கே நடக்கும் உள்நாட்டுச் சண்டையில் கைநனைக்காதவர் யாருமில்லை என்பது அவன் தீர்ப்பு. அதன்பின் அந்தத் தொடர் முழுவதும் அந்தக் கணக்கு அவனைத் துரத்துகிறது. காரிகனோடு வாதாட ஒரு பாதிரியார் இருக்கிறார், சும்மா ஒப்புக்கு இல்லை, நன்றாகக் கேள்வி கேட்பவர்.

கடைசி இதழில் காரிகன் ஆவியிலிருந்து பிரிந்து ஓய்வுக்குப் போகிறான். சவ அடக்கம் நடக்கிறது. சண்டை இல்லை, ரம்பம் இல்லை. நான் படித்ததில் ஒரு சூப்பர்ஹீரோவுக்கு அவ்வளவு பொறுமையான முடிவு வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

தணிகை வாசகன்

இரண்டு மூன்று இதழ்கள் மட்டும் பார்த்திருக்கிறேன், முழுதாக இல்லை. படிக்கிறேன். ஆனால் இன்னொருவர் வந்து சரிசெய்தார் என்பதால் 1975 முடிவு நன்றாகிவிடாது. ஃப்ளைஷரின் 440 என்னிடம் அதே மதிப்பெண்ணில்தான் இருக்கும். அபாரோவின் ஓவியத்துக்குத் தனி மதிப்பெண், அதில் கை வைக்கமாட்டேன்.

புத்தூர் கலா

தறிக்கார அண்ணா, உங்கள் பொறுமையான முடிவைக் கெடுப்பதற்கு வருந்துகிறேன். 1998இல் காரிகன் ஓய்வுக்குப் போனான். 1999இல் 'டே ஆஃப் ஜட்ஜ்மென்ட்' தொடரில் என்ன நடந்தது? பழைய பச்சை விளக்கு வீரன் ஹால் ஜோர்டானை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். பென்ஷன் போன மறுவருஷமே நாற்காலியில் ஆள்!

நகரி தறிக்காரன்

அதை நான் சொல்லாமல் விட்டதே உங்கள் கண்ணில் படக் கூடாது என்றுதான்.

கள்ளியங்காடு

இசக்கி இடத்துக்கு யாரையும் போஸ்டிங் போட முடியாது மக்களே, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆலங்காட்டான்

அங்கேதான் வித்தியாசம். அவர்களுக்கு அது ஒரு நிறுவனத்தின் சொத்து, விற்கிற வரை அச்சடிக்க வேண்டும். நீலி யாருடைய சொத்தும் இல்லை. அதனால் திருவாலங்காட்டில் தீ, முப்பந்தலில் கோயில், சமணரிடம் வாதம், கேரளத்தில் ஆணி என்று ஊருக்கு ஒரு முடிவை எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் அடுத்த இதழ் கவலை இல்லை.

தணிகை வாசகன்

அப்படியென்றால் 440க்கும் நாமே ஒரு முடிவு எழுதிவிடலாம் போலிருக்கிறது. என் பங்கு இது. க்வெனும் க்ராஃபர்டும் சேர்ந்து போலீஸ் கமிஷனர் முன்னால் போய் நிற்கிறார்கள். அறுபட்ட மரத்துண்டுகள் மேஜை மேல். காரிகன் மனிதனாகவே எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு ஆவியாகும் வசதி கிடையாது. 'இது நீ செய்ததா?' அடுத்த கட்டத்தில் அவன் என்ன சொல்கிறான்? ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம்.

பள்ளிப்பட்டு பாஸ்கர்

'அந்த ரம்பம் என்னுடையது இல்லை சார்.'

புத்தூர் கலா

காரிகன் வாயைத் திறப்பதற்கு முன்னால் க்வென் பேசுகிறாள்: 'எங்க அப்பாவைக் கொன்னவனுக்காக இவர் செஞ்சது எனக்குத் தெரியும், நான் தடுக்கலை. என் பேரையும் எழுதிக்கங்க.'

தணிகை வாசகன்

கலா அம்மா வரியை எடுத்துக்கொள்கிறேன். வாத்தியார் ஐயா, உங்களிடம் இருக்கும் நீலகேசி உரையோடு உள்ள பதிப்பா? ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பக்கம் வருகிறேன், வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறேன்.